பிளாக்ஜாக்: விதி மாறினால் கணக்கு மாறும்

பிளாக்ஜாக் ஆட்டத்தில் காசினோவின் ஆதாயம் ஒரே ஓர் ஏற்பாட்டிலிருந்து பிறக்கிறது. ஆட்டக்காரர் முதலில் ஆடி முடிக்க வேண்டும். டீலர் அதன் பிறகுதான் ஆடுவார். சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டினால் அந்தக் கை செத்துப்போகும். ஆட்டக்காரர் தாண்டிவிட்டால் அவருடைய பணம் அந்த நொடியே டீலரின் தட்டுக்குப் போய்விடுகிறது. பிறகு டீலரும் தாண்டினார் என்றாலும் அது திரும்பி வராது. இந்த ஆட்டத்தின் மற்ற விதிகளில் பெரும்பாலானவை, இந்த ஓர் அநீதியை ஈடுகட்ட ஆட்டக்காரருக்குக் கொடுக்கப்பட்ட சலுகைகள். அவற்றில் எதைக் கொடுப்பது, எதைப் பிடித்துவைப்பது என்பதில்தான் ஒரு மேசைக்கும் இன்னொரு மேசைக்கும் வித்தியாசம்.

ஆட்டத்தின் அடிப்படை எளியது. 2 முதல் 10 வரையான சீட்டுகளுக்கு அவற்றின் எண்ணே மதிப்பு. ஜாக்கி, ராணி, ராஜா மூன்றும் தலா 10. ஏஸ், வைத்திருப்பவர் வசதிப்படி 1 அல்லது 11. ஆட்டக்காரருக்கு இரண்டு சீட்டு, டீலருக்கு இரண்டு சீட்டு. டீலரின் சீட்டுகளில் ஒன்று மட்டும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி திறந்திருக்கும். டீலருக்குச் சொந்த புத்தி தேவையில்லை: 16 வரை சீட்டு எடுத்தே ஆக வேண்டும், 17 வந்தால் நிறுத்த வேண்டும்.

இப்படி ஆடும் டீலர் ஏறத்தாழ 28 சதவீதக் கைகளில் 21-ஐத் தாண்டிவிடுகிறார். ஆட்டக்காரரும் டீலரை அப்படியே நகலெடுத்து ஆடினால் அவரும் 28 சதவீதம் தாண்டுவார். இருவரும் தாண்டும் கைகள் 0.28 × 0.28, அதாவது சுமார் 8 சதவீதம். இந்த 8 சதவீதமும் காசினோவுக்கு. ஏஸும் பத்தும் முதல் இரண்டு சீட்டிலேயே சேர்ந்து வந்தால் அது பிளாக்ஜாக். அதற்குப் பந்தயத்தைப் போல ஒன்றரை மடங்கு கிடைக்கும். இந்தப் போனஸ் ஏறத்தாழ 2.3 சதவீதத்தை ஆட்டக்காரருக்குத் திருப்பித் தருகிறது. மிச்சம் ஐந்தரைக்குச் சற்று மேல். டீலரை நகலெடுப்பவர் நூறு டாலர் பந்தயத்துக்குச் சராசரியாக இழப்பது அவ்வளவு. தாண்டிவிடுவோமோ என்று பயந்து 12-லிருந்தே சீட்டு வாங்காமல் நிற்பவருக்கும் இழப்பு 4 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பயம் அவ்வளவாக உதவுவதில்லை.

டீலருக்கு இல்லாத உரிமைகள் ஆட்டக்காரருக்கு உண்டு. டீலரின் திறந்த சீட்டைப் பார்த்து முடிவெடுக்கலாம். திறந்த சீட்டு 5 அல்லது 6 என்றால் டீலர் தாண்டும் வாய்ப்பு 42 சதவீதத்தைத் தொடுகிறது. அப்போது ஆட்டக்காரர் 12 வைத்துக்கொண்டும் நிற்கலாம். நல்ல கை அமைந்தால் பந்தயத்தை இரட்டித்து ஒரே ஒரு சீட்டு வாங்கலாம். ஒரே மதிப்புள்ள இரண்டு சீட்டு வந்தால் அவற்றை இரண்டு கைகளாகப் பிரித்து ஆடலாம். இந்த உரிமைகள் எல்லாவற்றையும் சரியான இடத்தில் பயன்படுத்தினால் காசினோவின் ஆதாய விகிதம் அரை சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடுகிறது. இப்படி ஒவ்வொரு கைக்கும், ஒவ்வொரு திறந்த சீட்டுக்கும் எது சரியான ஆட்டம் என்று சொல்லும் அட்டவணைக்கு ‘அடிப்படை உத்தி’ என்று பெயர்.

அந்த அட்டவணையை முதலில் முறையாகக் கணக்கிட்டவர்கள் சூதாடிகள் அல்லர், ராணுவத்தில் இருந்தவர்கள். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள அபர்டீன் ராணுவச் சோதனைக் களத்தில் பணியாற்றிய ரோஜர் பால்ட்வின், வில்பர்ட் கேன்ட்டி, ஹெர்பர்ட் மைசல், ஜேம்ஸ் மெக்டெர்மட் ஆகிய நால்வரும் மேசைக் கணக்குப் பொறிகளை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலையை முடித்தார்கள். அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில் 1956-இல் அவர்களுடைய கட்டுரை வெளிவந்தது. அதைப் படித்த கணித ஆசிரியர் எட்வர்ட் தார்ப், எம்.ஐ.டி.யில் இருந்த ஐ.பி.எம். 704 கணினியில் அதே கணக்கை விரித்துப் போட்டுப் பார்த்தார். 1962-இல் அவர் எழுதிய ‘பீட் தி டீலர்’ புத்தகம் சீட்டுகளை எண்ணி ஆடும் முறையை ஊரறியச் செய்தது. விதிகளை மாற்றும் ஆசை காசினோக்களுக்குத் தீவிரமாக வந்தது அதன் பிறகுதான்.

விதி மாற்றங்களில் மிக விலையுயர்ந்தது, பார்வைக்கு மிகச் சாதாரணமானது. பிளாக்ஜாக் கைக்கு வழக்கமாக 3-க்கு 2 என்ற கணக்கில் பணம் தரப்படும். 10 டாலர் வைத்தவருக்கு 15 டாலர். 2000-களின் தொடக்கத்திலிருந்து லாஸ் வேகாஸில் 6-க்கு 5 என்று எழுதிய மேசைகள் பரவின. 6-ம் 5-ம் 3-ஐயும் 2-ஐயும் விடப் பெரிய எண்கள் என்பதால் ஏதோ கூடுதலாகத் தருவதுபோலவே தோன்றும். உண்மையில் 10 டாலருக்குக் கிடைப்பது 12. போனது மூன்று டாலர்.

ஒரே சீட்டுக்கட்டில் ஆடும் மேசையில் இதைக் கையாலேயே கணக்கிடலாம். 52 சீட்டில் பத்து மதிப்புள்ளவை 16, ஏஸ் 4. முதல் இரண்டு சீட்டில் பிளாக்ஜாக் வரும் வாய்ப்பு 4.83 சதவீதம், அதாவது 21 கைக்கு ஒன்று. டீலருக்கும் அதே நேரத்தில் பிளாக்ஜாக் வந்து சமனாகிவிடும் கைகளைக் கழித்தால் 4.65 சதவீதம். அவை ஒவ்வொன்றிலும் பந்தயத்தில் 0.3 பங்கு குறைகிறது, பெருக்கினால் 1.39 சதவீதம். இந்த ஒரு மாற்றம், மற்ற விதிகள் எல்லாம் சேர்ந்து காசினோவுக்குத் தரும் ஆதாயத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஆட்டக்காரரின் உத்தியால் இதை மீட்கவும் முடியாது. பிளாக்ஜாக் வந்த கையில் முடிவெடுக்க ஒன்றுமே இல்லை. பணம் வரும், அவ்வளவுதான். அடிப்படை உத்தியின் அட்டவணையில் ஒரு கட்டம்கூட மாறாமல் இழப்பு மட்டும் மூன்று நான்கு மடங்காகிறது.

இவ்வளவு பெரிய மாற்றத்தை ஆடுபவர்கள் ஏன் உணர்வதில்லை என்பதற்கும் கணக்கிலேயே விடை இருக்கிறது. ஒரு கையின் முடிவு சராசரியிலிருந்து விலகும் அளவு, பந்தயத்தில் சுமார் 1.15 மடங்கு. மணிக்கு 70 கை ஆடினால் ஏற்ற இறக்கம் பத்துப் பந்தய அளவுக்கு அங்கும் இங்கும் போகும். 6-க்கு 5 விதி அந்த ஒரு மணி நேரத்தில் பறிப்பதோ சராசரியாக ஒரே ஒரு பந்தயம். அதிர்ஷ்டத்தின் அலைச்சலுக்கு நடுவே அது கண்ணில் படாது. விதியின் பாதிப்பும் அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கமும் சம அளவுக்கு வர ஆறாயிரத்து எழுநூறு கை போல ஆட வேண்டும். இடைவிடாமல் 95 மணி நேரத்துக்கும் மேல். சுற்றுலா வந்தவர் அதற்குள் ஊர் திரும்பிவிடுவார். ‘நான் ஆடிப் பார்த்தேன், வித்தியாசம் தெரியவில்லை’ என்று எவரும் சொல்லலாம். சொல்பவர் பொய் சொல்லவில்லை.

அடுத்தது சீட்டுக்கட்டுகளின் எண்ணிக்கை. கட்டு கூடக் கூட ஆட்டக்காரருக்கு நஷ்டம். ஒரு கட்டுக்கும் எட்டுக் கட்டுக்கும் இடையே அரை சதவீதம் அளவுக்கு வித்தியாசம் உண்டு. அதில் பாதிக்கு மேல், ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும் முதல் படியிலேயே போய்விடுகிறது. ஆறிலிருந்து எட்டுக்குப் போவதில் இழப்பு நூறு ரூபாய்க்கு இரண்டு பைசா மாதிரி.

பிளாக்ஜாக் வரும் வாய்ப்பு கட்டு கூடினால் குறைவதுதான் காரணம் என்று பலர் நினைப்பார்கள். ஆனால் எட்டுக் கட்டில் அந்த வாய்ப்பு 4.75 சதவீதம், ஒரு கட்டின் 4.83-க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. உண்மையான காரணம், வெளியே வந்த சீட்டு மிச்சக் கட்டைப் பாதிக்கும் விதம். ஒரே கட்டில் ஆட்டக்காரருக்கு பிளாக்ஜாக் வந்தால் ஓர் ஏஸும் ஒரு பத்தும் காலி. டீலருக்கும் அது வர 3.67 சதவீத வாய்ப்பே மிஞ்சும். எட்டுக் கட்டில் அது 4.6 சதவீதம். இன்னொன்று, இரட்டிப்பு. ஆட்டக்காரர் கையில் 6-ம் 5-ம் சேர்ந்து 11, டீலரிடம் திறந்த சீட்டு 6 என்று வைத்துக்கொள்வோம். ஒரே கட்டில் காணாத 49 சீட்டில் 16 பத்துகள், கிட்டத்தட்ட 32.7 சதவீதம். எட்டுக் கட்டில் 31 சதவீதம். அதனால்தான் ஒரே கட்டு மேசையில் அடிப்படை உத்தி துணிச்சலாக மாறுகிறது: டீலரின் ஏஸுக்கு எதிரே 11-ஐ இரட்டிக்கலாம், 2-க்கு எதிரே 9-ஐ இரட்டிக்கலாம், 5-க்கும் 6-க்கும் எதிரே 8-ஐக்கூட இரட்டிக்கலாம்.

ஒரே கட்டு நல்லது என்ற இந்தப் பழைய ஞானத்தைத்தான் 6-க்கு 5 மேசைகள் தூண்டிலாக்கின. ‘ஒரே கட்டு’ என்ற பலகையை வைத்துவிட்டு, பிளாக்ஜாக்குக்கு 6-க்கு 5 என்று விரிப்பில் அச்சிட்டால், பலகை அரை சதவீதம் தருகிறது, விரிப்பு 1.39 சதவீதம் பறிக்கிறது. ஆறு கட்டு, 3-க்கு 2 மேசை நல்ல விதிகளுடன் இருந்தால் ஆதாய விகிதம் 0.4 சதவீதம் அளவில் நிற்கும். 6-க்கு 5 தரும் ஒரே கட்டு மேசையில் அது ஒன்றரையை ஒட்டி இருக்கும்.

டீலருக்கான விதிகளில் பெரிய வாதத்துக்கு உரியது ‘சாஃப்ட் 17’. ஏஸை 11 ஆக எண்ணி வரும் 17-க்கு அந்தப் பெயர். ஏஸும் 6-ம் அதற்கு எளிய உதாரணம். சில மேசைகளில் டீலர் எந்த 17-லும் நிற்க வேண்டும். வேறு சில மேசைகளில் சாஃப்ட் 17 வந்தால் இன்னொரு சீட்டு எடுக்க வேண்டும். சீட்டு எடுத்தால் டீலர் தாண்டிவிடும் வாய்ப்பு கூடுமே, அது ஆட்டக்காரருக்கு நல்லதுதானே என்று தோன்றும். தாண்டும் வாய்ப்பு கூடுவதும் உண்மை, 28.2 சதவீதம் 28.6 ஆகிறது. ஆனால் 17 என்பது டீலருக்கு மிக மோசமான நிறுத்தம். அது 16-ம் அதற்குக் கீழும் வைத்திருப்பவரை மட்டுமே வெல்லும். இன்னொரு சீட்டு எடுத்தால் அது 18, 19, 20, 21 ஆக உயரும் வாய்ப்பு, தாண்டும் ஆபத்தைவிடப் பெரிது. அடிப்படை உத்தியும் ஆட்டக்காரரைப் பார்த்து, சாஃப்ட் 17-இல் ஒருபோதும் நிற்காதே என்றுதான் சொல்கிறது. ஆட்டக்காரருக்குச் சரியான ஆட்டம் டீலருக்கும் சரிதான். இதன் விலை 0.2 சதவீதம்.

இங்கே உத்தியும் கொஞ்சம் நகர்கிறது. டீலர் சாஃப்ட் 17-இல் சீட்டு எடுக்கும் மேசையில், பல கட்டு ஆட்டத்திலும் ஏஸுக்கு எதிரே 11-ஐ இரட்டிக்க வேண்டும். ஏஸும் 7-ம் வைத்திருப்பவர் டீலரின் 2-க்கு எதிரே நிற்பதற்குப் பதில் இரட்டிக்க வேண்டும். ஏஸும் 8-ம் வைத்திருப்பவர் 6-க்கு எதிரே அதையே செய்ய வேண்டும். இந்த மாற்றங்களை மறந்து பழைய அட்டவணைப்படி ஆடினாலும் இழப்பு மிகச் சொற்பம். விதி மாற்றத்தால் வரும் நஷ்டம் பெரிது, அதற்கேற்ப உத்தியைத் திருத்தி மீட்பது சிறிது. பிளாக்ஜாக்கில் பெரும்பாலான விதிகளுக்கு இது பொருந்தும்; மேசையைத் தேர்ந்தெடுப்பதே பாதி உத்தி.

இரட்டிப்பதிலும் பிரிப்பதிலும் கட்டுப்பாடுகள் பல வகை. எந்த இரண்டு சீட்டிலும் இரட்டிக்கலாம் என்பது தாராளமான விதி. 9, 10, 11-இல் மட்டும் என்றால் 0.1 சதவீதம் போகும். 10, 11 மட்டும் என்றால் ஏறத்தாழ 0.2. பிரித்த கையிலும் இரட்டிக்க அனுமதித்தால் ஆட்டக்காரருக்கு 0.14 சதவீதம் வரவு. அந்த அனுமதி இருக்கும்போது சிறிய ஜோடிகளை அதிகம் பிரிப்பது நல்லது: டீலரின் 2, 3-க்கு எதிரே 2-2, 3-3 ஜோடிகளையும், 5, 6-க்கு எதிரே 4-4 ஜோடியையும். பிரித்த 4-உடன் ஒரு 6 அல்லது 7 வந்து சேர்ந்தால் டீலர் தடுமாறும் நேரத்தில் பணத்தை இரட்டிக்கலாம் அல்லவா, அந்த எதிர்பார்ப்புக்காக.

இந்த வகை விதிகளைக் கடுமையாக இறுக்கிய ஒரே பெரிய முயற்சி தோல்வியில் முடிந்தது. தார்ப்பின் புத்தகத்தால் கலங்கிய லாஸ் வேகாஸ் காசினோக்கள் 1964 ஏப்ரலில், இரட்டிப்பு 11-இல் மட்டும், ஏஸ் ஜோடியைப் பிரிக்கக் கூடாது என்று அறிவித்தன. ஆட்டக்காரருக்கு இதனால் ஏறத்தாழ 1 சதவீத இழப்பு. சீட்டு எண்ணத் தெரியாத சாதாரண ஆட்டக்காரர்களே மேசைகளை விட்டு எழுந்து போனார்கள். சில வாரங்களில் பழைய விதிகள் திரும்பி வந்தன. 6-க்கு 5 விதி அதைவிட அதிகம் பறிக்கிறது, ஆனால் நிலைத்துவிட்டது. ‘இதைச் செய்யக் கூடாது’ என்று டீலர் கையைத் தடுக்கும்போது ஆட்டக்காரர் தடையை உணர்கிறார். பிளாக்ஜாக் வந்து பணம் கைக்கு வரும்போது, அது சற்றுக் குறைவாக வந்தாலும், அவர் மகிழ்ச்சியில் இருக்கிறார்.

ஐரோப்பாவில் பரவலாக உள்ள ஒரு வழக்கம், டீலர் தன் இரண்டாவது சீட்டை எல்லோரும் ஆடி முடித்த பிறகே எடுப்பது. அமெரிக்க மேசைகளில் டீலரின் திறந்த சீட்டு ஏஸ் அல்லது பத்து என்றால், மூடிய சீட்டை முன்கூட்டியே பார்த்து, பிளாக்ஜாக் இருந்தால் ஆட்டத்தை அங்கேயே முடித்துவிடுவார். ஆட்டக்காரர் முதல் பந்தயத்தை மட்டும் இழப்பார். ஐரோப்பிய வழக்கத்தில் இரட்டித்த பணமும் பிரித்த கைகளின் பணமும் சேர்ந்து போகும். இழப்பு 0.11 சதவீதம்தான். ஆனால் உத்தி தெளிவாக மாறுகிறது: டீலரின் பத்துக்கு எதிரே 11-ஐ இரட்டிக்கக் கூடாது, பத்துக்கும் ஏஸுக்கும் எதிரே 8-8 ஜோடியைப் பிரிக்கக் கூடாது. டீலருக்கு பிளாக்ஜாக் வந்தால் முதல் பந்தயத்தை மட்டுமே எடுப்போம் என்று விதி வைத்திருக்கும் இடங்களில் இந்த எச்சரிக்கை வேண்டாம்.

சரணடைவது என்ற விதி, பாதிப் பந்தயத்தை விட்டுக்கொடுத்துக் கையிலிருந்து விலகும் உரிமை. ஆட்டத்தின் மிக மோசமான கை 16, அதுவும் டீலரின் பத்துக்கு எதிரே. நூறு டாலர் வைத்தவர் அங்கே நின்றாலும் சீட்டு வாங்கினாலும் சராசரியாக 54 டாலர் போல இழப்பார். இரண்டில் எது மேல் என்பது சில்லறை வித்தியாசம். சரணடைந்தால் 50 டாலரோடு தப்பலாம். டீலர் பிளாக்ஜாக் இல்லை என்று பார்த்து உறுதிசெய்த பிறகு சரணடைவது சாதாரண வகை. அதன் மதிப்பு 0.08 சதவீதமே. பார்ப்பதற்கு முன்பே சரணடையலாம் என்றால் கதை வேறு. ஏஸ் திறந்திருக்கும்போது அடியில் பத்து இருக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட 31 சதவீதம். அந்த ஆபத்து முழுவதிலிருந்தும் பாதி விலையில் வெளியேறலாம். அதன் மதிப்பு 0.6 சதவீதத்துக்கு மேல். அந்த விதியில் ஏஸுக்கு எதிரே 12 முதல் 17 வரை மட்டுமல்ல, 5, 6, 7 போன்ற சின்னக் கைகளிலும் சரணடையச் சொல்கிறது உத்தி.

அட்லாண்டிக் சிட்டியில் 1978-இல் ரிசார்ட்ஸ் இன்டர்நேஷனல் காசினோ திறந்தபோது நியூ ஜெர்சி அரசின் விதிகளில் இந்த முன்சரண் இடம்பெற்றிருந்தது. மற்ற நல்ல விதிகளோடு சேர்ந்து, சீட்டு எண்ணாமல் அடிப்படை உத்தியை மட்டும் ஆடியவருக்கே சிறிதளவு ஆதாயம் கிடைத்தது. காசினோ கதவைத் திறந்துவைத்துத் தானே தோற்கும் ஆட்டம் அது. 1981-இல் முன்சரண் நீக்கப்பட்டது.

டீலரின் சீட்டு ஏஸ் என்றால் ‘இன்சூரன்ஸ்’ என்ற தனிப் பந்தயம் கேட்பார்கள். அடியில் பத்து இருந்தால் வைத்த தொகையைப் போல இரண்டு மடங்கு கிடைக்கும். ஆறு கட்டு ஆட்டத்தில் காணாத 311 சீட்டில் பத்துகள் 96. கணக்கிட்டால் காசினோவின் ஆதாயம் 7.4 சதவீதம். அமெரிக்க ரூலட் சக்கரத்தின் 5.26 சதவீதத்தைவிட மோசம். தன் கையிலேயே பிளாக்ஜாக் உள்ளவர்கள்தான் இதில் அதிகம் விழுகிறார்கள்: சமனாகிவிடுமோ என்று அஞ்சி, பந்தயத்துக்குச் சமமான தொகையை உறுதியாக வாங்கிக்கொள்கிறார்கள். ஒரே கட்டில் அவர்களுக்குத் தெரியாத 49 சீட்டில் 34 பத்து அல்லாதவை. மறுத்திருந்தால் சராசரி வரவு 34/49 × 1.5, அதாவது பந்தயத்தைப் போல 1.04 மடங்கு. நான்கு சதவீதம் விட்டுக்கொடுத்த உறுதி அது. பிளாக்ஜாக்குக்கு 6-க்கு 5 தரும் மேசையில் அதே கணக்கு 0.83 ஆகிறது, அங்கே சமத் தொகை கிடைத்தால் வாங்குவதே சரி. அந்த மேசைகளில் அதைப் பொதுவாகக் கொடுப்பதில்லை என்பதில் வியப்பில்லை.

பெரிய சலுகையைக் காட்டிப் பெரிய விலையை மறைக்கும் உருமாற்றங்கள் தனி இனம். ‘டபுள் எக்ஸ்போஷர்’ ஆட்டத்தில் டீலரின் இரண்டு சீட்டும் திறந்திருக்கும். அதற்கு விலையாக, சமனான கைகள் காசினோவுக்கு. பிளாக்ஜாக்குக்கு ஒன்றுக்கு ஒன்றுதான். அங்கே வழக்கமான உள்ளுணர்வு எல்லாம் தலைகீழ். டீலரிடம் 20 தெரிகிறது, ஆட்டக்காரரிடமும் 20 என்றால் நிற்பது உறுதியான தோல்வி. ஏஸ் வருமா என்று பார்த்து 20-இலும் சீட்டு வாங்க வேண்டும்.

1990-களில் வந்த ‘ஸ்பானிஷ் 21’ ஆட்டத்தில் ஒவ்வொரு கட்டிலிருந்தும் நான்கு 10 எண் சீட்டுகள் எடுக்கப்பட்டு 48 சீட்டே இருக்கும். அந்த நீக்கம் மட்டும் 2 சதவீதம் அளவுக்கு ஆட்டக்காரரைப் பின்தள்ளும். ஆட்டக்காரரின் 21 எப்போதும் வெல்லும், எத்தனை சீட்டு வாங்கிய பிறகும் இரட்டிக்கலாம், ஐந்து சீட்டில் 21 வந்தால் கூடுதல் பணம் போன்ற சலுகைகள் அதில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகின்றன. பத்துகள் குறைந்ததால் டீலரும் குறைவாகவே தாண்டுகிறார். ஆகவே 13 வைத்திருப்பவர் டீலரின் 2, 3, 4-க்கு எதிரே நிற்காமல் சீட்டு வாங்க வேண்டும். சாதாரண அட்டவணையை இங்கே கொண்டுவந்து ஆடுபவருக்குச் சலுகைகளின் முழுப் பயன் கிடைக்காது.

ஜெஃப் ஹால் உருவாக்கிய ‘பிளாக்ஜாக் ஸ்விட்ச்’, ‘ஃப்ரீ பெட்’ ஆட்டங்கள் இன்னும் தந்திரமானவை. முதலாவதில் இரண்டு கைகளின் இரண்டாம் சீட்டுகளை இடம் மாற்றிக்கொள்ளலாம். மற்றதில் 9, 10, 11-இல் காசினோவே இரட்டிப்புப் பணத்தைப் போடும். இவற்றைப் பார்த்தால் காசினோ திவாலாகிவிடும் போலத் தெரியும். விலையின் பெரும்பகுதி ஒரே வரியில் இருக்கிறது: டீலர் 22-இல் தாண்டினால் அது தோல்வி அல்ல, சமன். டீலர் 22-இல் முடியும் கைகள் ஏழு சதவீதத்துக்கு மேல். சாதாரண ஆட்டத்தில் ஆட்டக்காரர் சும்மா நின்றே வென்றிருக்கும் கைகள் அவை. அதனால் ‘ஸ்விட்ச்’ மேசையில், டீலர் தாண்டுவார் என்று நம்பிச் சொந்தப் பணத்தை இரட்டிக்கும் இடங்கள் சுருங்குகின்றன. ‘ஃப்ரீ பெட்’டில் அடுத்தவர் பணத்தில் இரட்டிக்கும் வாய்ப்பை மட்டும் எப்போதும் மறுக்கக் கூடாது.

ஆதாய விகிதம் எவ்வளவு சிறியதானாலும் அது ஒவ்வொரு கையிலும் வசூலாகிறது என்பதால், மணிக்கு எத்தனை கை என்பதும் விலையின் பகுதியே. 70 கை, ஒவ்வொன்றிலும் 10 டாலர் என்றால் மொத்தப் பந்தயம் 700 டாலர். ஆறு கட்டு, 3-க்கு 2, எந்த 17-லும் டீலர் நிற்கும் மேசையில் அதற்குச் சராசரி இழப்பு சுமார் 3 டாலர். அதே மேசையில் 6-க்கு 5 என்று மாற்றினால் 12 டாலருக்கு மேல். சீட்டுகளை இடைவிடாமல் தானே கலைக்கும் பொறியை வைத்தால் ஆதாய விகிதம் ஆட்டக்காரர் பக்கம் இம்மியளவு சாய்கிறது. ஆனால் கலைப்பதற்காக ஆட்டம் நிற்பதில்லை, மணிக்குக் கைகள் கூடுகின்றன, இழப்பும் கூடுகிறது. வெளியே வந்த சீட்டுகள் உடனே கட்டுக்குத் திரும்பிவிடுவதால், தார்ப் கண்டுபிடித்த எண்ணும் முறைக்கும் அந்த மேசையில் வேலை இல்லை.